துப்பாக்கி உரிமம் ரத்தானால்... நீதிமன்றத்தில் நாம் கேட்க வேண்டியது எதை?



நம் குடும்பங்களில் துப்பாக்கி உரிமம் பெற்றவர்கள் மிகச் சிலரே. மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்போர், நகை வணிகம் செய்வோர், இராணுவப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆயினும் அந்தச் சிலரில் ஒருவருக்கு, 'உமது துப்பாக்கி உரிமம் ரத்து செய்யப்படுகிறது' என்று ஓர் உத்தரவு வந்துவிட்டால் அந்த வீடே கலங்கிப் போகிறது. இரும்புக் குழல் ஒன்று கையை விட்டுப் போவது பெரிய இழப்பன்று. 'இவரிடம் ஆயுதம் இருப்பது ஆபத்து' என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டதே என்னும் வேதனைதான் பெரிது. நாளை பெண் எடுக்கவும் கொடுக்கவும் வருவோர் என்ன நினைப்பார்கள் என்று வீட்டுப் பெண்கள் கவலைப்படுகிறார்கள்.

இந்தக் கலக்கத்தில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. சிலர் உத்தரவை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, துப்பாக்கியையும் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, 'யாராவது வந்து கேட்கட்டும், பார்ப்போம்' என்று இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர், 'துப்பாக்கி வைத்திருப்பது என் உரிமை. உச்ச நீதிமன்றம் வரை போவேன்' என்று கொதிக்கிறார்கள். முதலாமவர் தம்மையறியாமல் குற்றவாளி ஆகிறார். இரண்டாமவர் நீதிமன்றத்தில் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு, கிடைக்காத ஒன்றைக் கேட்கிறார். அப்படியானால் கேட்க வேண்டியது எதை? அதனைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரிமையா, அனுமதியா?

ஆங்கிலேயர் 1878இல் இயற்றிய ஆயுதச் சட்டம் இந்தியர்களின் கையில் ஆயுதம் இருப்பதை அச்சத்துடன் நோக்கிய சட்டம். இந்தியர் உரிமம் பெற்றாக வேண்டும்; ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு என்ற பாகுபாடு அதன் கீழ் நிலவியது. விடுதலைக்குப் பின் அதனை நீக்கிவிட்டு, 1959இல் நமது நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. அது 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்திற்குக் கட்டுப்பட்டு வாழும் குடிமகன் தகுந்த காரணம் காட்டினால் உரிமம் பெறலாம் என்பதே இச்சட்டத்தின் அடிப்படை.

ஆனால் உரிமம் பெறலாம் என்பது வேறு, ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை என்பது வேறு. 1993இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று, ஆயுதம் வைத்திருப்பதை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையோடு இணைத்துப் பேசியது. அக்கருத்து நிலைக்கவில்லை, அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு பின்னர் அதனை மறுத்துவிட்டது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும், அமெரிக்க அரசியலமைப்பில் இருப்பது போல ஆயுதம் ஏந்தும் அடிப்படை உரிமை நம் நாட்டில் எவருக்கும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. எனவே 'என் உரிமையைப் பறித்துவிட்டார்கள்' என்று தொடங்கும் மனு தொடக்கத்திலேயே வலுவிழந்துவிடும்.

அப்படியானால் அதிகாரி நினைத்த மாத்திரத்தில் உரிமத்தைப் பறித்துவிடலாமா? முடியாது. ஆயுதத்தின் மீது நமக்கு அடிப்படை உரிமை இல்லாவிடினும், சட்டப்படி நடத்தப்படும் உரிமை நமக்கு உண்டு. காரணத்தை அறியும் உரிமையும், நம் பக்கத்தைச் சொல்லும் உரிமையும் அதனுள் அடங்கும். நீதிமன்றத்தில் கேட்க வேண்டியது இந்த நியாயத்தையே.

ரத்து செய்வதற்குரிய காரணங்கள்

மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியர், நிர்வாக நடுவர் என்ற முறையில் உரிமம் வழங்குகிறார். சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர் வழங்குகிறார். வழங்கிய உரிமத்தைக் குறிப்பிட்ட காலத்திற்கு நிறுத்தி வைக்கவோ, அறவே ரத்து செய்யவோ அவர்களுக்கு அதிகாரம் தருவது ஆயுதச் சட்டத்தின் 17ஆவது பிரிவாகும். அதன் 3ஆவது உட்பிரிவு ஐந்து காரணங்களை வரையறுக்கிறது.

ஒன்று: உரிமதாரர் ஆயுதம் வைத்திருக்கச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவராகவோ, மனநலம் குன்றியவராகவோ, வேறு காரணத்தால் தகுதியற்றவராகவோ இருத்தல்.

இரண்டு: பொது அமைதிக்காக அல்லது பொதுமக்களின் பாதுகாப்புக்காக ரத்து செய்வது அவசியம் என்று அதிகாரி கருதுதல்.

மூன்று: முக்கியமான செய்தியை மறைத்தோ, தவறான தகவல் தந்தோ உரிமம் பெற்றிருத்தல்.

நான்கு: உரிமத்தின் நிபந்தனைகளை மீறியிருத்தல்.

ஐந்து: உரிமத்தைத் திருத்துவதற்காக ஒப்படைக்குமாறு அறிவிப்பு வந்தும் அதற்குப் பணியாதிருத்தல்.

இந்த ஐந்தில் ஒன்றேனும் உத்தரவில் இடம்பெற வேண்டும். அது மட்டும் போதாது. அந்த முடிவுக்கு வந்த காரணங்களை அதிகாரி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். உரிமதாரர் கேட்டால் அதன் சுருக்கத்தை அவருக்குத் தரவும் வேண்டும். பொதுநலனுக்குப் பாதகம் என்று அதிகாரி கருதினால் மட்டுமே அச்சுருக்கத்தைத் தர மறுக்கலாம். ஆகவே உங்கள் கையிலிருக்கும் உத்தரவை முதலில் நிதானமாகப் படியுங்கள். எந்தக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறது, எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி என்று தேடுங்கள். அவை இல்லையெனில், காரணங்களின் சுருக்கத்தைக் கேட்டு அன்றே எழுதி, விரைவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் துப்பாக்கியை ஒப்படையுங்கள்

வழக்காடும் உறுதி உங்களுக்கு இருக்கலாம். உத்தரவு தவறானதென்பது ஊரறிந்த உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் உத்தரவு நடைமுறையில் இருக்கும் வரை அதற்குப் பணிந்தே ஆக வேண்டும். உரிமப் புத்தகத்தைத் தாமதமின்றி அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கியையும் தோட்டாக்களையும் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ வைத்துவிட வேண்டும். இது சட்டத்தின் 21ஆவது பிரிவு விதிக்கும் கடமை.

செல்லத்தக்க உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது தனிக் குற்றம். 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், அதற்குக் குறைந்தது 2 ஆண்டுகள் முதல் 5 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். வீம்புக்காக ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்த துப்பாக்கி, வெல்லக்கூடிய வழக்கையும் தோற்கடித்துவிடும்.

ஒப்படைக்கும்போது இரசீது பெற மறவாதீர்கள். ஒற்றைக் குழலா இரட்டைக் குழலா, துப்பாக்கியின் எண், தயாரித்த நிறுவனம், தோட்டாக்களின் எண்ணிக்கை, ஒப்படைத்த நாள் ஆகியவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஒப்படைத்ததனால் பொருள் அரசுக்குச் சொந்தமாகிவிடாது. உரிமம் திரும்பக் கிடைத்தால் அதனை மீட்கலாம். கிடைக்காவிடில் உரிமம் உள்ள மற்றொருவருக்கு விற்கலாம். விதித்த காலம் கடந்தும் மீட்காமலும் விற்காமலும் விட்டால்தான் அது பறிமுதலுக்கு உள்ளாகும். அதற்கு முன்னரும் காரணம் கேட்டு அறிவிப்பு அனுப்பி, பதில் சொல்ல 30 நாட்கள் தரவேண்டும் என்று சட்டம் கூறுகிறது.

மேல்முறையீடு என்னும் முதற்படி

உத்தரவு வந்ததும் நேரே உயர் நீதிமன்றம் செல்லலாமா என்று பலர் கேட்பதுண்டு. சட்டம் வேறொரு படியை முன்னே வைத்திருக்கிறது. 18ஆவது பிரிவின்படி, ரத்து செய்த அதிகாரிக்கு மேலுள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் முதலில் செல்ல வேண்டும். அதற்குரிய காலம் 30 நாட்கள். உத்தரவு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணாமல், உத்தரவில் இட்ட தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது. காலம் கடந்துவிட்டால் போதிய காரணம் காட்டித் தாமதத்தைப் பொறுத்தருளக் கேட்கலாம். ஆயினும் அந்த நிலைக்கு இடம் தராதிருப்பதே நல்லது.

மேல்முறையீடு எழுத்தில் இருக்க வேண்டும். எதிர்ப்பதற்கான காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லி, உரிய கட்டணத்தையும் செலுத்த வேண்டும். உங்களை நேரில் கேட்காமல் அதனை முடிக்கக் கூடாது என்பது சட்டத்தின் கட்டளை. எனவே 'வாய்மொழியாகவும் கேட்கப்பட விரும்புகிறேன்' என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். மேல்முறையீடு செய்த மாத்திரத்தில் ரத்து உத்தரவு நின்றுவிடாது. நிறுத்தி வைக்குமாறு தனியே கேட்க வேண்டும். அது மேல்முறையீட்டு அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்தது.

அரசாங்கமே நேரடியாகப் பிறப்பித்த உத்தரவாயின், அல்லது அரசின் ஆணைப்படி பிறப்பிக்கப்பட்டதாயின், இந்த மேல்முறையீட்டிற்கு வழியில்லை. அப்போது உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அறிவிப்பே தராமல் ரத்து செய்தமை போன்ற அப்பட்டமான மீறல்களிலும் உயர் நீதிமன்றம் நேரே தலையிடுவதுண்டு. ஆனால் அது விதிவிலக்கு என்பதை நினைவில் வைப்போம்.

உயர் நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

மேல்முறையீட்டிலும் தோல்வி என்றால், அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு தாக்கல் செய்யலாம். தென் மாவட்டத்தாருக்கு 2004 முதல் மதுரையிலேயே உயர் நீதிமன்றக் கிளை உள்ளது. ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்ற வரையறை இல்லாவிடினும், காரணமின்றி நாள் கடத்தியவரை நீதிமன்றம் கனிவுடன் நோக்காது.

உயர் நீதிமன்றம் ஆட்சியரின் நாற்காலியில் அமர்ந்து, 'இவருக்குத் துப்பாக்கி தேவையா?' என்று மீண்டும் விசாரிப்பதில்லை. முடிவு எடுக்கப்பட்ட முறையையே அது ஆராய்கிறது. அந்த ஆய்வு நான்கு கேள்விகளுள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முதற்கேள்வி: இவர் தரப்பு கேட்கப்பட்டதா? இதற்கு வழிகாட்டுவது கடவுச்சீட்டு வழக்கொன்று. 1977 ஜூலையில் மேனகா காந்தியின் கடவுச்சீட்டைப் பொதுநலன் கருதி முடக்கிய மத்திய அரசு, காரணத்தைச் சொல்ல மறுத்தது. 1978 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அளித்த தீர்ப்பு, ஒருவரைப் பாதிக்கும் நிர்வாக முடிவிலும் அவர் தரப்பைக் கேட்கும் கடமை உண்டு என்பதை உறுதி செய்தது. 17ஆவது பிரிவு முன்னறிவிப்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசாவிடினும், இந்த இயற்கை நீதியை அடிப்படையாகக் கொண்டே உரிம ரத்துகள் ஆராயப்படுகின்றன.

இரண்டாம் கேள்வி: முடிவெடுத்தவர் தாமே சிந்தித்து முடிவெடுத்தாரா? பம்பாயின் அந்தேரியில் திரையரங்கு கட்டத் தந்த அனுமதியைக் காவல் ஆணையர் ரத்து செய்த வழக்கு 1951இல் உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. அரசு சொன்னதை அவர் அப்படியே தெரிவித்தாரேயன்றித் தம் பொறுப்பில் முடிவெடுக்கவில்லை என்று கண்ட நீதிமன்றம், அந்த ரத்தை ஏற்கவில்லை. காவல் கண்காணிப்பாளரின் அறிக்கையில் உள்ள வரிகளை எடுத்தெழுதிக் கையொப்பமிட்ட உத்தரவுகளுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும்.

மூன்றாம் கேள்வி: காரணம் உத்தரவிலேயே உள்ளதா? 1977 டிசம்பரில், மொகிந்தர் சிங் கில் என்பவரின் தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவான விதியொன்றை வகுத்தது. ஓர் உத்தரவின் நன்மை தீமையை அதில் எழுதப்பட்ட காரணங்களைக் கொண்டே எடை போட வேண்டும். பின்னர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் பதில் மனுவில் புதுக்காரணங்களைச் சேர்த்து அதனைத் தாங்கி நிறுத்த முடியாது.

நான்காம் கேள்வி: சொல்லப்பட்ட காரணத்திற்கும் பொது அமைதிக்கும் தொடர்பு உண்டா? குடும்பங்களை அதிகம் தொடுவது இந்தக் கேள்வியே.

பங்காளிப் பகையும் பொது அமைதியும்

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வாப்பா விட்டுச் சென்ற தோட்டத்தில் அண்ணன் தம்பிக்குள் எல்லைத் தகராறு. மூத்தவரிடம் பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது. 'என்னைச் சுட்டுவிடுவார்' என்று தம்பி புகார் தருகிறார். முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. 'குற்ற வழக்கு நிலுவையில் உள்ளது; எனவே உரிமம் ரத்து' என்று இரண்டு வரியில் உத்தரவு வருகிறது. துப்பாக்கியோ அத்தனை நாளும் பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை.

இத்தகைய நிலை பற்றி அலகாபாத் உயர் நீதிமன்றம் 1972இலேயே தீர்ப்பளித்துள்ளது. உரிமதாரருக்கும் மற்றொருவருக்கும் பகை இருப்பது மட்டுமே பொது அமைதிக்கு ஆபத்து என்பதை நிலைநாட்டாது; தூண்டிவிடும் பேச்சு, ஐயத்திற்கிடமான நடமாட்டம், குற்ற நோக்கம் என்று ஏதேனும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். குற்ற வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் போதிய காரணமாகாது என்றும் அந்நீதிமன்றம் பின்னர்ப் பல வழக்குகளில் கூறியுள்ளது. பிற மாநில நீதிமன்றங்களை இத்தீர்ப்புகள் கட்டுப்படுத்துவதில்லை; ஆயினும் வழக்கறிஞர் எடுத்துக்காட்டத்தக்க வலுவான வாதங்கள் இவை.

நம் கதையின் மூத்தவர் என்ன செய்ய வேண்டும்? துப்பாக்கி பயன்படுத்தப்பட்டதாகப் புகாரில் ஒரு வரியும் இல்லை என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டும். இத்தனை ஆண்டுகள் நிபந்தனை மீறாமல் உரிமம் புதுப்பிக்கப்பட்டு வந்ததற்கான ஆதாரத்தை வைக்க வேண்டும். ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் சமாதானமாகி இருவரும் கையொப்பமிட்ட பத்திரம் இருந்தால் அதனையும் இணைக்கலாம். குற்ற வழக்கில் விடுதலை பெற்றிருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் இன்றியமையாதது. காவல்துறை அறிக்கை தரப்படாவிடில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

வழக்கு நிற்காத இடங்கள்

எல்லா ரத்தும் அநீதி என்று எண்ணிவிடக் கூடாது. சண்டையில் துப்பாக்கியைக் காட்டி மிரட்டியவர், உரிமத்தை வேறொருவர் கையில் கொடுத்து அனுப்பியவர், விண்ணப்பத்தில் பழைய வழக்கை மறைத்தவர் ஆகியோருக்கு நீதிமன்றம் துணை நிற்பது அரிது. திருமணக் களிப்பில் வானை நோக்கிச் சுடுவதைச் சிலர் விளையாட்டாக நினைக்கிறார்கள். பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து நேரும்படி அவ்வாறு சுட்டால் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது. வன்முறைக் குற்றத்திலோ, ஒழுக்கக்கேடான குற்றத்திலோ சிறைத்தண்டனை பெற்றவர், தண்டனை முடிந்த பின்னும் 5 ஆண்டுகள் ஆயுதம் வைத்திருக்க முடியாது. அமைதி காப்பதாகப் பிணைப் பத்திரம் எழுதித் தருமாறு ஆணையிடப்பட்டவருக்கும் அந்தப் பத்திரத்தின் காலம் முடியும் வரை தடை உண்டு.

ரத்து அல்லாதவற்றை ரத்து என்று எண்ணிக் குழம்புவோரும் உண்டு. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019ஆம் ஆண்டின் திருத்தம் இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஒப்படைக்கச் சொல்லும் கடிதம் உங்கள் நடத்தையைப் பற்றியதன்று. அதேபோல, தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வது தற்காலிக ஏற்பாடேயாகும். அதிலும், ஒவ்வொருவரின் நிலையையும் ஆராயாமல் எல்லோரையும் ஒட்டுமொத்தமாக ஒப்படைக்கச் சொல்லக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2009இல் கூறியுள்ளது.

வென்றால் கிடைப்பது என்ன?

தீர்ப்பு சாதகமாக வந்த மறுநாளே துப்பாக்கி தோளில் ஏறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் உயர் நீதிமன்றம் உத்தரவைச் செல்லாததாக்கி, 'இவரைக் கேட்டு, சட்டப்படி புதிதாக முடிவெடுங்கள்' என்று அதிகாரிக்கே திருப்பி அனுப்பும். அங்கே மீண்டும் விசாரணை நடக்கும். இதனிடையே உரிமத்தின் காலம் முடிந்துவிடக் கூடும். உரிமம் இப்போது 5 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. வழக்கு நடக்கிறதே என்று வாளாவிருந்துவிடாமல், காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். அதிகாரி மீது நட்ட ஈட்டு வழக்குப் போடலாமா என்று சிலர் கேட்பர். நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்கு 40ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆகவே அந்த வழியில் பொருளையும் காலத்தையும் செலவிடுவதற்கு முன் நன்கு சிந்திப்பது நலம்.

உரிமதாரர் பெண்ணாக இருந்தால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி கோரலாம். மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் வழிகாட்டுவார்கள்.

வாசகர்களே! துப்பாக்கி இல்லாமலும் ஒரு குடும்பம் கண்ணியமாக வாழ முடியும். கோடிக்கணக்கான குடும்பங்கள் அப்படித்தான் வாழ்கின்றன. ஆனால் கேட்காமல், காரணம் சொல்லாமல், 'நீ ஆபத்தானவன்' என்று எழுதப்பட்ட ஒரு வரியை ஏற்றுக்கொண்டு வாழ்வது அத்தனை எளிதன்று. அந்த வரி அடுத்த விண்ணப்பத்திலும், அடுத்த காவல்துறை அறிக்கையிலும் தொடர்ந்து வரக்கூடும். எனவே துப்பாக்கியை ஒப்படைத்து இரசீது பெறுங்கள். 30 நாட்களுக்குள் மேல்முறையீட்டு மனுவைக் கொடுங்கள். அதன் பின் தேவைப்பட்டால் நீதிமன்றக் கதவைத் தட்டுங்கள். அங்கே, 'என் தரப்பைக் கேட்டார்களா? காரணத்தைச் சொன்னார்களா?' என்று கேளுங்கள். சட்டம் அக்கேள்விக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.